அட்டை வந்த நேரத்தை எழுதுங்கள்

"ரிப்போர்ட் ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று வார்டிலிருந்து கேட்டால் நீண்ட நாளாக எங்களிடம் ஒரே பதில்தான்: இருக்கிற மெஷின் காணாது. கொழும்பில், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் ஊறவைத்த இரத்தத்தில் டிஎஸ்எச் (தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஹோர்மோன், தைரொயிட் குறைந்தால் இது கூடும்) பார்க்கும் ஆய்வுகூடம் எங்களுடையது. நான் அங்கே எம்.எல்.டி., அதாவது ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். ஒரு கிழமை மட்டும், இரத்தம் எடுத்த நேரம், எங்கள் கைக்கு வந்த நேரம், ரிசல்ட் போன நேரம் மூன்றையும் கொப்பியில் எழுதினேன். மெஷினில் போனது ஒரு நாள்கூட இல்லை. மிச்சமெல்லாம் வார்டு மேசையிலும் எங்கள் ட்ரேயிலும் கிடந்த நாட்கள்.

இதே வேலை பார்க்கும் ஆய்வுகூடமென்றால் நீங்களும் அப்படி ஒரு கொப்பியிலிருந்தே தொடங்குங்கள். பிறவித் தைரொயிட் குறைபாடுள்ள பிள்ளைக்கு முதல் 2 கிழமைக்குள் மருந்து தொடங்க வேண்டும், பிந்தினால் மூளை வளர்ச்சி பாதிக்கும். அந்த 14 நாளை யார் தின்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

எங்களிடம் அதிகம் தின்றது, வார்டுகள் அட்டைகளைச் சேர்த்து வைத்து அனுப்பும் பழக்கம். வெள்ளிக்கிழமை போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் வியாழன் அட்டை திங்கள் பின்னேரம்தான் கண்ணில் படும். நாலே நாலு அட்டையானாலும் தினமும் அனுப்பச் சொல்லுங்கள். மாதிரிகளைப் போட்டு மெஷினில் ஓட்டும் பிளேட் நிறையட்டும் என்று நாங்கள் காத்திருந்ததும் அதே வியாதிதான். 96 குழியில் 40 நிறைந்தாலும் ஓட்டுங்கள். கிட் செலவு கூடும், ஸ்டோர்ஸில் முணுமுணுப்பார்கள், சரி, முணுமுணுக்கட்டும்.

அட்டை வந்தவுடன், பதிவதற்கும் முன்னால், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்பு துளை எடுக்கும்போதுதான், அதாவது பரிசோதனைக்கு அட்டையிலிருந்து சிறு வட்டம் வெட்டும்போதுதான் பார்ப்போம். அதற்குள் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இரத்தம் பின்பக்கம் வரை ஊறியிருக்க வேண்டும். துளி மேல் துளி, கட்டிபட்ட இரத்தம், ஓரத்தில் வெளிறிய வளையம் என்றால் உடனே போன் எடுத்து மறு மாதிரி கேளுங்கள். ஒரு மழைக்காலத்தில் பொதியைத் திறந்தால் அட்டைகள் அப்பளம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஈரத்தோடேயே பொலித்தீனில் போட்டு மூடியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பாவம், அந்த வார்டில் காயவைக்க இடமே இல்லை. ஒரு கம்பித் தட்டு கொடுத்தோம். வெயில் படாமல், ஒன்றில் ஒன்று முட்டாமல், படுக்கையாக 3, 4 மணித்தியாலம். அப்புறம் அந்தத் தொல்லை குறைந்துவிட்டது.

பிறந்த நேரமும் அட்டையில் வேண்டும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் எடுத்த இரத்தத்தில் டிஎஸ்எச் இயல்பாகவே கூடிக் காட்டலாம். பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை, தாயின் பெயர்தான். ஒரே நாளில் மூன்று பாத்திமா வருவார்கள். அதனால் தாயின் அடையாள அட்டை இலக்கம் கேளுங்கள், இரட்டையரென்றால் 1, 2 என்று போடச் சொல்லுங்கள்.

போன் இலக்கம் இரண்டு வாங்குங்கள். எங்கள் பெண்கள் பிள்ளை பெற்ற கையோடு தாய்வீடு போய்விடுவார்கள். அட்டையில் கொழும்பு வெள்ளவத்தை விலாசம் இருக்கும், பிள்ளை மலையகத்தில் அட்டனில் இருக்கும்.

டிஎஸ்எச் கூடியிருந்தால் அதே அட்டையில் இன்னும் இரண்டு துளை எடுத்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் கூடவென்றால் ரிப்போர்ட் அச்சாகும்வரை இருக்காமல் அன்றே வார்டுக்கும் தாய்க்கும் போன் எடுங்கள். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு என்று கொப்பியில் எழுதுங்கள். இரண்டு இலக்கமும் அடித்து ஓய்ந்தால் அந்தப் பகுதி மிட்வைஃபைப் பிடியுங்கள். அவருக்கு வீடு தெரியும்.