கட்டடத்துக்கு நட்சத்திரம் போடும்போது எங்கே தவறுகிறோம்?

ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் முதலில் நட்சத்திர ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறோம். அலுவலகக் கட்டடங்களுக்கும் அப்படி ஒரு மதிப்பீடு இருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் (BEE) 2009-லேயே அதைத் தொடங்கிவிட்டது. ஒரு வருடத்தில் செலவான யூனிட்டைக் கட்டடப் பரப்பால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சென்னை போல வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊரில், பாதிக்கு மேல் ஏசி உள்ள அலுவலகம் சதுர மீட்டருக்கு 100 யூனிட்டுக்குள் இருந்தால் 5 நட்சத்திரம். 200-ஐத் தாண்டினால் ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது.

கணக்கு எளிது, ஆனால் வகுக்கும் எண்ணில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தண்டையார்பேட்டையில் 1,000 சதுர மீட்டர் அலுவலகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,44,000 யூனிட். வகுத்தால் 144, மூன்று நட்சத்திரம். கீழே வண்டி நிறுத்தும் 200 சதுர மீட்டரையும் பரப்பில் சேர்த்துவிட்டால் 120, நான்கு நட்சத்திரம்! ஒரு பல்புகூட மாறவில்லை. அதனால் எந்த இடம் பரப்பில் சேரும், எது சேராது என்பதை மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நம் வாடகைப் பத்திரங்களெல்லாம் சதுர அடியில்தான் இருக்கும். அதை 10.76-ஆல் வகுத்துச் சதுர மீட்டராக்க மறக்கவே கூடாது.

அப்புறம் மீட்டர். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு பழைய வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கடைக்கு ஒன்றாக வரிசையாக மீட்டர், ஓரத்தில் பொது விளக்குக்கும் மோட்டாருக்கும் தனியாக ஒன்று. பொது மீட்டரின் பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் கட்டடம் தங்கமாகத் தெரியும். ஆடித் தள்ளுபடிக்குக் கதவை அகலத் திறந்துவைத்து ஏசி ஓட்டும் கடையின் யூனிட் எங்கே போனது? எல்லா மீட்டரையும் எண்ணி, ஜெனரேட்டர் கொடுத்த யூனிட்டையும் கூட்ட வேண்டும். கணக்கு முழுதாக 12 மாதத்துக்கு இருக்க வேண்டும். மார்கழி பில்லை வைத்து அக்னி நட்சத்திரத்தை ஊகிக்க முடியாது.

இரவும் பகலும் ஓடும் கால் சென்டரையும் மாலை ஆறுக்குப் பூட்டும் அலுவலகத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம். பணியகமே கால் சென்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்றுதான் பார்க்கிறது. காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உறையவைக்கும் மின்சாரமும் அப்படித்தான். அது தொழிலின் செலவு. அதைக் கட்டடத்தின் தலையில் கட்டாமல், தனி மீட்டர் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. உள்ளே ஆட்கள் வியர்த்து வழிய, ஃபேனைக்கூடக் குறைத்து ஓட்டி யூனிட்டை மிச்சம் பிடித்த கட்டடமும் இந்தக் கணக்கில் நல்ல பெயர் வாங்கிவிடும். தடித்த சுவர், உயர்ந்த கூரை, மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம்) என்று ராயபுரத்தில் இன்னும் நிற்கும் பழைய கட்டடங்கள் உண்மையாகவே குளிர்ச்சியாக இருப்பவை. இரண்டுக்கும் ஒரே நட்சத்திரம் கொடுப்பது சரியா? மே மாத மதியம் மூன்று மணிக்கு உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு என்று அளந்து சேர்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

லேபிளை மேலாளர் அறையில் மாட்டாதீர்கள். வாசலில், தமிழில், எந்த வருடத்துக் கணக்கு என்று போட்டு, போன வருட எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.