இது பஞ்சாயத்து இல்லை: மனச்சோர்வுக்கான உறவுவழிச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மேடம், நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்க. நீங்க சொன்னா கேப்பா.”

மனச்சோர்வில் இருக்கும் மனைவியையோ மகளையோ கூட்டிக்கொண்டு வருபவர்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். தங்கச்சிமடமோ கீழக்கரையோ தொண்டியோ, நம் ராமநாதபுரம் கரையில் ஒரு சிக்கல் என்றால் ஊர்ப் பெரியவர், ஜமாஅத், பங்குச்சாமி என்று யாராவது நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது பழக்கம். வலை அறுந்த சண்டைக்கு அது நல்ல வழி. உறவுகளைப் பற்றிப் பேசியே மனச்சோர்வைக் குறைக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது என்று சொன்னால், அதையும் இன்னொரு பஞ்சாயத்தாகவே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை தருகிற நாங்களும் சில நேரம் நாட்டாமை ஆகிவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பாதி, செய்த தவறுகளில் முக்கால்வாசி, அங்கிருந்துதான் கிளம்பின.

மருத்துவர்கள் ஐபிடி என்று சுருக்கிச் சொல்லும் இந்தச் சிகிச்சையைத் தமிழில் உறவுவழி உளசிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். 1969-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் க்ளெர்மன் குழுவினர் மனச்சோர்வு மாத்திரை பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மாத்திரையோடு பேச்சையும் சேர்த்துப் பார்க்க ஒரு முறை தேவைப்பட்டது. அந்த முறையை க்ளெர்மனும் மிர்னா வைஸ்மனும் மற்றவர்களும் செதுக்கி 1984-இல் கையேடாகக் கொண்டுவந்தார்கள். வாரம் ஒரு முறை, 12 முதல் 16 வாரம். மனச்சோர்வு அடிப்படையில் எதனால் வருகிறது என்ற பெரிய கேள்விக்குள் இது போவதில்லை. ரத்தத்திலேயே இருக்கலாம், உடம்பில் இருக்கலாம். இப்போது அது தலைகாட்டியபோது உங்களுக்கும் உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கும் நடுவே என்ன நடந்தது என்று ஐபிடி பார்க்கும். கிடைக்கும் பதில் அநேகமாக நான்கில் ஒன்றாக இருக்கும்: ஒரு சாவு, தீராத ஒரு பிணக்கு, வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றம், இல்லையென்றால் நெடுநாள் தனிமை.

“நியாயம் யார் பக்கம், நீங்களே சொல்லுங்க”

பயிற்சி முடித்து வந்த புதிதில் ஒரு பெண் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் சவூதியில். அனுப்பும் பணம் மாமி கைக்குப் போகிறது. பத்து மாதக் குழந்தைக்கு மருந்து வாங்கவும் மாமியிடம்தான் கை நீட்ட வேண்டும். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, குழந்தை அழுதால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கதையைக் கேட்டு எனக்கே கோபம் வந்துவிட்டது. “உங்க பக்கம்தான் நியாயம். மச்சான்கிட்ட அழுத்தமா பேசிருங்க” என்றேன். அன்று இரவே கணவரிடம் பேசினார். அதன்பின் மூன்று நாள் கணவரிடமிருந்து ஃபோன் வரவில்லை. அடுத்த வாரம் வந்தபோது, மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்வித் தாளில் மதிப்பெண் இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தது.

நான் செய்திருக்க வேண்டியது, அந்தப் பேச்சை வார்த்தை வார்த்தையாகக் கேட்பது. “சண்டை வந்துச்சு” என்றால் போதாது. நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்கு அவர் என்ன சொன்னார், அப்போது மனதுக்குள் என்ன ஓடியது, சொல்ல வந்து விழுங்கியது எது? ஐபிடியில் இந்த அலசல்தான் பிணக்குக்கான முக்கியமான கருவி. நமக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் பாதிச் சண்டை வாட்ஸ்அப் வாய்ஸில்தான் நடக்கிறது. அழிக்காமல் இருந்தால் ஃபோனிலேயே கிடக்கும். பிறகு நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து, அவர் கணவருக்கு அனுப்பியதைக் கேட்டோம். நெடுகிலும் மாமியைப் பற்றிய புகார்தான். ‘மாசம் இவ்வளவு என் கையில வேணும்’ என்ற ஒரு வரி எங்குமே இல்லை. அவரோ அதைப் பலமுறை கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கேட்டவர் காதில் விழுந்தது ‘உம்மாவைக் குறை சொல்றா’ என்பது மட்டும்தான்.

அந்த ஒரு வரியை எந்த நேரத்தில், எந்தத் தொனியில், யார் பக்கத்தில் இல்லாதபோது சொல்வது என்று அடுத்த அமர்வுகளில் நடித்துப் பார்த்தோம். நான்தான் மச்சான். நிஜ மச்சானைவிட நன்றாகவே கோபப்பட்டேனாம். தீர்ப்பு யாரும் சொல்லவில்லை, மாமியும் மாறவில்லை. மதிப்பெண் மெல்ல இறங்கத் தொடங்கியது.

பிணக்கில் இன்னொரு தவறு, அமைதியைக் கண்டு ஏமாறுவது. “இப்பல்லாம் சண்டையே இல்ல மேடம்” என்று வீட்டார் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். பேச்சுவார்த்தை அறுந்துபோய், அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு தனித்தனியே சாப்பிடுகிறார்கள் என்று பிறகு தெரியவரும். அதற்கு உறைந்துபோன பிணக்கு என்று பெயர். சில நேரம் அதை மறுபடி கிளறி, சத்தமாகவேனும் பேச வைக்க வேண்டியிருக்கும். அடி உதை நடக்கும் வீட்டில் மட்டும் இந்தக் கணக்கே வேறு. அங்கே பேசிச் சமாதானமாகப் போகச் சொல்வது ஆபத்து. அந்தப் பெண்ணின் பாதுகாப்பு முதலில், 181 என்ற பெண்கள் உதவி எண் கையில் இருக்க வேண்டும்.

“அழாத, மனசத் தேத்திக்க”

கடலுக்குப் போனவர் உடல் கரைக்கு வராத வீடுகள் நம் பக்கம் உண்டு. பதினாறாம் நாள் காரியம் செய்வதா, பூசை வைப்பதா, உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸா தொழுவதா என்ற கேள்வியிலேயே வீடு இரண்டாகிவிடும். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளப் பொதுவான சட்டம் ஏழு ஆண்டு கேட்கிறது. அதுவரை மனைவி எதுவாக இருப்பது? பூ வைப்பதா, வேண்டாமா? கல்யாண வீட்டில் எந்தப் பக்கம் நிற்பது?

அந்த மனைவியிடம் முதல் வாரமே “இனி வரமாட்டாரு, ஏத்துக்க” என்று சொல்லக் கூடாது. படத்தை இறக்கி ஒளித்துவைத்து, பேரையே எடுக்காமல் இருப்பதும் உதவாது. அக்கறையோடுதான் செய்கிறார்கள்; ஆனால் துக்கம் அப்படியே கெட்டிப்பட்டுவிடுகிறது. ஐபிடி செய்வது இதற்கு நேர்மாறு. போனவரைப் பற்றிப் பேச வைக்கும். கிளம்பிய ராத்திரி என்ன கொடுத்துவிட்டீர்கள், வாசலில் என்ன பேச்சு நடந்தது, செய்தி முதலில் யார் சொன்னது? நல்லதை மட்டும் பேச வைத்தால் அரைகுறையாக நின்றுவிடும். குடித்துவிட்டு அடித்தவரையும் போனபின் தெய்வமாக்கிவிடுவோம். அவர் மேல் இருந்த கோபத்தை வைக்க இடம் இல்லாமல் அந்தப் பெண் அதைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டிருப்பார். “அன்னைக்குச் சண்டை போட்டு அனுப்புனேன், அதான்” என்று ஒருநாள் வெளியே வரும். அது வெளியே வந்தபிறகுதான், கடல்பாசி எடுக்கப் போகும் கூட்டாளிகளோடு மறுபடி சேர்வது போன்ற பேச்சுக்கெல்லாம் வழி பிறக்கிறது.

அழுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நோயாளி ஆக்குவதும் தவறே. துக்கம் அலை மாதிரி வந்து வந்து போகும். இடையில் பேரப்பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கக்கேடு, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பொழுது கப்பென்று மூடியிருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

“ஆம்பள இப்படியா படுத்துக் கெடக்கிறது?”

விசைப்படகு பிடிபட்டு இலங்கையில் நிற்கிறது. சொந்தப் படகு வைத்திருந்தவர் இன்று அடுத்தவர் படகில் கூலிக்கு ஏற வேண்டும். அல்லது இருபது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர், தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் எதைக் கேட்பதானாலும் உம்மாவிடம் போகிறார்கள். ஐபிடி இதை வாழ்க்கை மாற்றம் என்று வகைப்படுத்தும். போன வாழ்க்கைக்காக முதலில் வருந்தவிட வேண்டும், அதில் இருந்த கஷ்டங்களையும் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகே புதியதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்பது. வீட்டார் நேரே கடைசிப் படிக்குத் தாவி, “ஒரு கடையப் போடுங்க” என்பார்கள்.

இன்னொன்று. ஐபிடியில் ஆரம்பத்திலேயே சிகிச்சையாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது: “உங்களுக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்ற நோய். சோம்பேறித்தனம் கிடையாது, சரியாகக் கூடியது.” மஞ்சள் காமாலைக்காரனை வலை இழுக்கச் சொல்ல மாட்டோம் இல்லையா, அதுபோலச் சில பொறுப்புகளைக் கொஞ்ச காலம் இறக்கிவைக்கலாம். இதைச் சொல்லாமல் விடும் சிகிச்சையாளரும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு, “டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாக” என்று ஆளை மூலையில் படுக்கவைத்துவிடும் குடும்பமும் உண்டு. இறக்கிவைப்பது குணமாவதற்கான வேலையைச் செய்யத்தான். அந்த வேலையில் விலக்கு கிடையாது.

மாத்திரை, பேச்சு, தர்கா

பேச உட்காருமுன் மருத்துவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, குடி, இவை மூன்றும் மனச்சோர்வு வேடம் போடும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள் கணக்கில் அளவுமீறிய உற்சாகம் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். இருந்திருந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து வழி வேறு. மாத்திரையும் ஐபிடியும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. பேச ஆரம்பித்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்திக்கொள்வதுதான் பகை. செத்துப்போகலாம் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருந்தால் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நேரே போகலாம்.

ஏர்வாடி தர்காவுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. ஓதிய தண்ணீரும் தாயத்தும் சிலருக்குத் தரும் தெம்பை நான் தர முடியாது. தடுப்பது இரண்டை: அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதையும் கட்டிப்போடுவதையும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்தில் சங்கிலியிடுவதையும் தடை செய்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசுவது

உறவு என்றதும் பாட்டன் காலத்துச் சொத்துத் தகராறிலிருந்து தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சையாளருக்கும் சுவாரசியம் தட்டிவிடும். முதல் சில அமர்வுகளில் வாழ்க்கையில் யார் யார், யாரிடம் மனம் திறக்க முடியும் என்று ஒரு கணக்கெடுப்பு உண்டு, அதோடு சரி. நான்கில் ஒன்றை, மிஞ்சினால் இரண்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதை விடக் கூடாது. ஒவ்வொரு வாரமும் கேட்பது ஒரே கேள்வி: போன வாரத்துக்கு இந்த வாரம் மனசு எப்படி? செவ்வாய்க்கிழமை மோசமா? அன்று யார் வந்தார்கள், என்ன பேச்சு?

நோய்க்கு ஆள் என்ன பேர் வைத்திருக்கிறார் என்பதையும் கேட்க மறக்கிறோம். உகாண்டாவின் தென்மேற்குக் கிராமங்களுக்கு 2002-இல் ஐபிடியைக் கொண்டுபோனவர்கள் அந்த ஊர்க்காரர்களின் சொற்களை முதலில் சேகரித்தார்கள். 30 கிராமங்கள், ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று குழுக்கள், 16 வாரம், வாரம் 90 நிமிடம். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. ‘தனிமை’ என்ற நான்காம் வகை அங்கே பொருந்தாது என்று எடுத்தேவிட்டார்கள். நம்மிடம் வருகிறவர் “மனச்சோர்வு” என்று சொல்ல மாட்டார். “நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி”, “வீடே வெறிச்சுன்னு இருக்கு” என்பார். அந்தச் சொல்லையே பதினாறு வாரமும் பயன்படுத்தினால் பாதி வேலை மிச்சம்.

முடிக்கும் தேதியை முதல் நாளே சொல்லாமல் விடுவதும் நடக்கிறது. கடைசி வாரங்களில் ‘இனி மேடம் இல்லாம என்ன செய்வேன்’ என்ற பயம் வரும். அதையும் ஒரு பிரிவாக எடுத்துப் பேச வேண்டும். பதினாறு வாரத்திலும் குறையவில்லையென்றால் ஐபிடிக்காரர்கள் நோயாளியைக் குற்றம் சொல்வதில்லை. இந்தச் சிகிச்சை இவருக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி வேறு வழிக்கு அனுப்ப வேண்டும்.

மீனவர் ஊர்களில் நான் இரண்டு முறை தவறவிட்டது நாள்காட்டியை. மே மாதக் கடைசியில் ஆண்கள் குழு ஒன்றைத் தொடங்கினேன். ஏப்ரல் 15 தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிய, விசைப்படகுகள் கடலில் இறங்கிவிட்டன. மூன்றாம் வாரம் அறையில் நானும் மின்விசிறியும்தான். மறுவருடமும் கிட்டத்தட்ட அதே கதை. தடைக்காலம் 61 நாள், ஒன்பது வாரத்துக்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட குழு ஐபிடி கையேட்டில் குழு அமர்வுகள் எட்டு. ஆளுக்கு ஒருமுறை தனியே பார்த்துப் பேசுவதைப் பங்குனியிலேயே முடித்துவிட்டால், படகு கரையேறிய முதல் வாரம் குழு உட்கார்ந்துவிடலாம்.