சிறிய கிளினிக்கில் சுகர், பிரஷர் நோயாளிகளுக்குக் கம்ப்யூட்டர் பதிவேடு: முதலிலிருந்து செய்முறை

ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கம்ப்யூட்டர். இந்த அளவுள்ள கிளினிக்குக்கான செய்முறை இது. நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றுவதால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. யார் வரவில்லை என்று நோட்டு சொல்லாது, கம்ப்யூட்டர் சொல்லும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: சாஃப்ட்வேர் தேர்வு

இதில் அதிக நாள் செலவழிக்காதீர்கள். பாம்னி, ஓப்பன் இஎம்ஆர் போன்ற ஓப்பன் சோர்ஸ் (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருளும் இருக்கிறது, மாதச் சந்தாவில் கிடைப்பவையும் இருக்கின்றன. விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "மூன்று மாதமாக வராத சுகர் நோயாளிகளின் பட்டியல் எடுத்துக் காட்டுங்கள்." "எங்கள் தரவு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா?" இரண்டில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வாங்க வேண்டாம்.

படி 2: பெயர்ப் பதிவு

நம் ஊரில் அதிகம் சொதப்புவது இங்கேதான். மு. செல்வி, செல்வி மு., எம். செல்வி என்று ஒரே ஆள் மூன்று பேராகப் பதிவாகிவிடுவார். பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் இனிஷியலும் மாறலாம். ஒருவருக்கு இரண்டு பதிவு இருந்தால் பென்சிலின் அலர்ஜி ஒன்றில் இருக்கும், இன்றைய மருந்துச் சீட்டு மற்றொன்றில் ஏறும்.

ஆகவே இனிஷியலை நம்பாதீர்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் முழுதாக, பிறந்த ஆண்டு, ஊர், போன் எண் என ஐந்தையும் கேளுங்கள். வயதைப் போடாமல் பிறந்த ஆண்டைப் போடுங்கள். வயது அடுத்த வருடமே தவறாகிவிடும். போன் எண்ணுக்குப் பக்கத்தில் அது யாருடையது என்றும் எழுதுங்கள்: "மகன்", "பக்கத்து வீடு". புதுப் பதிவு தொடங்கும் முன் போன் எண்ணால் ஒரு முறை, பெயரால் ஒரு முறை தேடிப் பார்ப்பது கட்டாயம். மத்திய அரசின் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா எண் வைத்திருந்தால் அதையும் சேருங்கள். அது நோயாளியின் விருப்பம்தான். இல்லை என்பதற்காகப் பதிவை நிறுத்தக் கூடாது.

படி 3: பழைய நோட்டை ஏற்றுவது

"வர வர ஏற்றிக்கொள்ளலாம்" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். மாதாமாதம் வருபவர்களுக்கு அது போதும். வராமல் நின்றவர்கள் இந்த முறையில் பட்டியலுக்குள் வரவே மாட்டார்கள். கடந்த ஒரு வருட நோட்டிலிருந்து எல்லோருடைய பெயர், போன் எண், நோய், கடைசியாக வந்த தேதி ஆகிய நான்கை மட்டும் ஏற்றுங்கள். மற்ற விவரங்கள் அவர் வரும்போது.

படி 4: என்னென்ன, எப்படிப் பதிவது

எண்களை எண்களாகவே பதியுங்கள். பிரஷரின் மேல் எண்ணுக்கு ஒரு கட்டம், கீழ் எண்ணுக்கு ஒரு கட்டம். "பிபி 150/90, கொஞ்சம் அதிகம்" என்று குறிப்புப் பகுதியில் தட்டினால் தேடலில் அது சிக்காது. லேப் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வைப்பதும் அப்படித்தான்: கண்ணால் படிக்கலாம், வடிகட்ட முடியாது. வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்ட பின் சுகர், நேரம் பார்க்காமல் எடுத்தது மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பிரஷர் பாருங்கள். மாதக் கடைசியில் பட்டியலைத் திறந்தால் பாதிப் பேருக்கு 130/80 என்றே இருக்கிறதா? அளந்ததை அப்படியே எழுதாமல் ரவுண்டு செய்கிறார்கள் என்று பொருள்.

அலர்ஜி கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "இல்லை" வேறு, "கேட்கவில்லை" வேறு. காலிக் கட்டத்தைப் பார்த்து எது என்று அறிய முடியாது.

மருந்தில் கவனிக்க வேண்டியது, போன தடவைச் சீட்டை நகலெடுக்கும் பொத்தான். நிறுத்திய மாத்திரையை நிறுத்திய தேதியோடு முடித்து வைக்காவிட்டால், அந்தப் பொத்தான் அதை மாதாமாதம் உயிர்ப்பித்துக்கொண்டே இருக்கும். பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் (ஜெனரிக்) மில்லிகிராமும் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாகப் பலருக்கு வீட்டிலேயே மாத்திரை கிடைக்கிறது. அங்கே வாங்கிய அம்லோடிபினும் (பிரஷர் மாத்திரை) நீங்கள் வேறு பிராண்டில் எழுதிய அம்லோடிபினும் ஒரே வாயில் போய்ச் சேரும். பையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: எச்சரிக்கைகள்

சாஃப்ட்வேர் தரும் எச்சரிக்கை எல்லாவற்றையும் இயக்கினால் ஒரே வாரத்தில் படிக்காமலே மூடப் பழகிவிடுவீர்கள். நான்கு போதும்: அலர்ஜி என்று பதிவான மருந்து, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழே உள்ளவருக்கு மெட்ஃபார்மின் என்னும் சுகர் மாத்திரை, கர்ப்பிணிக்கு டெல்மிசார்டான் வகைப் பிரஷர் மாத்திரை, பிரஷர் 180/110 அல்லது அதற்கு மேல்.

ஆண்டுக்கொரு முறை கண், பாதம், சிறுநீரகத்துக்காகச் சிறுநீர் ஆல்புமின், கிரியாட்டினின். சுகர் கட்டுக்குள் வரும்வரை மூன்று மாதத்துக்கொரு முறை எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தச் சோதனை). இவற்றுக்குக் குறுக்கிடும் எச்சரிக்கை வேண்டாம், திரையின் ஓரத்தில் நாள் கடந்ததைச் சிவப்பில் காட்டினால் போதும்.

படி 6: வாராந்திரப் பட்டியல்

30 நாள் மாத்திரை கொடுத்தால் அடுத்த தேதியை 28-ஆம் நாளில் வையுங்கள். அந்தத் தேதி தாண்டி ஏழு நாள் ஆனவர்களின் பட்டியலை வாரம் ஒரு நாள், நர்ஸ் எடுத்து, மாலையில் போன் செய்ய வேண்டும். பகலில் பலர் வேலையில் இருப்பார்கள். போனுக்குப் பின் ஏதாவது ஒன்றைக் குறிக்க வேண்டும்: வருவார், எண் தவறு, வேறு இடத்தில் பார்க்கிறார், வீட்டுக்கே மாத்திரை வருகிறது, இறந்துவிட்டார். கடைசி ஒன்றைக் குறிக்க மறந்தால் அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போன் போகும்.

போனை எடுக்காதவர்களுக்கு மெசேஜ். அந்தப் போன் மகனுடையதாக இருக்கலாம், நோயின் பெயர் அதில் வரக் கூடாது. "வணக்கம். உங்கள் பரிசோதனை நாள் கடந்துவிட்டது. இந்த வாரம் காலை 9 முதல் 12-க்குள் வரலாம்." இவ்வளவுதான்.

மாதத்துக்கு ஒரு கணக்கும் பாருங்கள்: பதிவான பிரஷர் நோயாளிகள் அனைவரிலும், கடந்த மூன்று மாதத்தில் வந்து 140/90-க்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர்? வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் எண் அழகாக வரும், உண்மை வராது.

படி 7: கரண்ட், பாஸ்வேர்டு, நகல்

ஒவ்வொருவருக்கும் தனி லாகின். மானிட்டர் விளிம்பில் பாஸ்வேர்டு ஒட்டி வைக்கும் வழக்கத்தை முதல் நாளே தடுங்கள். யுபிஎஸ் வேண்டும், அதுவும் அணைந்தால் எழுத, அதே கட்டங்களோடு அச்சிட்ட தாள் ஐம்பது மேசையில் இருக்கட்டும். தினமும் இரவில் தானாக நகல் எடுக்கும்படி அமைத்து, ஒரு நகலாவது கிளினிக்குக்கு வெளியே இருக்கும்படி பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்று வந்த ஐந்து பேரின் பதிவு அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நகல் எடுப்பது எந்த நாளில் நின்றது என்று பார்த்து, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.