எடை எழுதும் நோட்டிலேயே ஒரு வரி

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் என்று டயாலிசிஸுக்குப் போய்வருபவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு சின்னக் குறிப்பு. எடையும் பிரஷரும் குறித்துவைக்கிற நோட்டு எப்படியும் கையில் இருக்கும், இல்லையா? அன்று நன்றாக அமைந்த ஒன்றை அதிலேயே ஒரு வரி எழுதுங்கள். 'எல்லாம் நல்லபடியாகப் போனது' என்று பொதுவாக எழுதினால் மனதில் நிற்காது. 'ஊசி முதல் தடவையே சரியாக ஏறியது', 'குளிருது என்றதும் பக்கத்துக் கட்டில் அண்ணன் போர்வை கொடுத்தார்' என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கலிபோர்னியாவில் எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இரு உளவியலாளர்கள் நரம்புத்தசை நோய் உள்ளவர்களை 21 நாள் இப்படி, நன்றி சொல்லத் தோன்றியவற்றை எழுதச் சொன்னார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் தூங்கினார்கள், வரும் வாரத்தைப் பற்றி அதிக நம்பிக்கையோடும் இருந்தார்கள். நோய் குறையும் என்று சொல்லவில்லை, அடுத்த வாரத்துக்கான தெம்பு வருகிறதே, என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிது.

தசைப்பிடிப்பும் வாந்தியுமாகப் போன நாளில் நன்றியை வலிந்து தேடாதீர்கள். வலியை வலி என்றே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், கூட இருப்பவர்கள் தயவுசெய்து 'எழுதினியா, எழுதினியா' என்று நச்சரிக்க வேண்டாம். ஊசி ஏறிய கையை அசைக்க முடியாதபோது, டயாலிசிஸில் இருப்பவர் சொல்லச் சொல்ல, கூட இருக்கும் நீங்கள் எழுதிக்கொடுங்கள்.