பிரேசில் காட்டு மரங்களின் வாசனையில் ஒரு கொலோன்: முதல்முறை செய்பவர்களுக்கு

பிரேசில் பெர்ஃப்யூம் என்றதும் 1969-இல் தொடங்கிய நத்துராவும், 1977-இல் குரிச்சிபா நகரில் பிறந்த ஓ போட்டிகாரியோவும்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டும் மலை அளவு கம்பெனிகள். அவற்றின் பக்கத்திலேயே, சொந்த நாட்டு மரம் செடிகளை மட்டும் நம்பி நடக்கும் சின்னப் பட்டறைகளும் உண்டு. அந்தப் பட்டறைக்காரர்களின் வழியில் வீட்டிலேயே 30 கிராம் கொலோன் செய்வதுதான் இந்தப் பதிவு. ஒரே விதி: ஒரு மரம் தலைமை தாங்கட்டும், மற்றதெல்லாம் அதற்குத் துணை. அமேசான் காட்டையே ஒரு பாட்டிலில் அடைக்கப் பார்த்தால் எந்த வாசனையும் தனியாகத் தெரியாது.

எந்த மரம்?

நான் எடுத்துக்கொண்டது ப்ரெயு ப்ராங்கோ. அமேசான் பகுதி மரம். பட்டை காயப்படும்போது பிசின் வடிந்து வெள்ளையாக இறுகும், அதைச் சுரண்டி எடுப்பார்கள். ஓடங்களின் இடுக்கை அடைக்கவும், தூபம் போடவும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஃபிராங்கின்சென்ஸ், அதாவது குந்திரிக்க மரத்தின் குடும்பம்தான். அதனால் வாசனையில் கோவில் புகையின் சாயல் உண்டு, கூடவே எலுமிச்சைத் தோலும் பைன் மரமும்.

அமேசான் பகுதியில் உள்ள பெலெம் நகரத்து வேர்-ஒ-பேசு சந்தையில் மூலிகை விற்கும் பெண்களிடம் கேட்டால் ப்ரிப்ரியோகா என்ற கிழங்கைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். ஜூன் மாதம் சாவோ ஜோவாவோ திருவிழாவுக்கு மூலிகைத் தண்ணீரில் குளிப்பது அங்கே வழக்கம், அந்தக் குளியலிலும் இது சேரும். நம் ஊரில் குளியல் பொடியில் போடும் கோரைக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம் இது. அருமையான வாசனை, ஆனால் இதன் எண்ணெய் கிடைப்பது கஷ்டம். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

வாங்க வேண்டியவை

ப்ரெயு ப்ராங்கோ, கோபாயிபா, பிங்க் பெப்பர், இனிப்பு ஆரஞ்சு ஆகியவற்றின் எண்ணெய்கள். குமாரு விதை கொஞ்சம், கடையில் டோங்கா பீன் என்று கேட்கலாம். கோபாயிபாவில் காய்ச்சி வடித்த எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள், மரத்தில் துளையிட்டு எடுத்த பிசின் அப்படியே ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. பிங்க் பெப்பர் நம் மிளகு இல்லை, மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்த அரோயேரா மரத்தின் பழம். இந்தப் பட்டியலில் ஆரஞ்சு மட்டும் அந்நாட்டுச் செடி இல்லை, போர்ச்சுகீசியர் கொண்டுபோனது. ஆனால் உலகச் சந்தையில் ஆரஞ்சு எண்ணெயின் பெரும்பங்கு பிரேசிலிலிருந்துதான் வருகிறது.

பாவு ரோசா என்ற ரோஸ்வுட் எண்ணெயும் கண்ணில் படும். ஷனெல் நம்பர் 5 என்ற புகழ்பெற்ற பெர்ஃப்யூமில் இடம்பெற்ற சரக்கு. அதற்காக வெட்டி வெட்டியே அந்த மரம் அருகிப்போய், 2010-இல் சைட்டீஸ் பட்டியலில் ஏறியது, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. அனுமதிக் காகிதம் சரியாக இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். ரோஸ்வுட்டின் முக்கிய வாசனைப் பொருள் லினலூல், தனியாகவே விலைக்குக் கிடைக்கும். அது போதும்.

ஆல்கஹால்தான் பலரும் தடுமாறும் இடம். பிரேசிலில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் தானியத்திலிருந்து எடுத்த ஆல்கஹாலைக் கடையில் சாதாரணமாக வாங்குகிறார்கள். நீங்கள் பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால் என்று கேளுங்கள், 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கை சானிடைசரும், காயத்துக்குத் தடவும் ஸ்பிரிட்டும் ஆகாது. அடுப்பு பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம்.

0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு கட்டாயம். சொட்டு எண்ணிச் செய்தால், எண்ணெய்க்கு எண்ணெய் சொட்டின் அளவு மாறும். நன்றாக அமைந்தாலும் அடுத்த முறை அதே வாசனை வராது.

படி 1: குமாரு ஊறல்

5 கிராம் விதையைப் பொடியாக நறுக்கி, 45 கிராம் ஆல்கஹாலில் போட்டு, நிறக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடுங்கள். நான்கு வாரம் இருட்டில் இருக்கட்டும். ஞாபகம் வரும்போதெல்லாம் குலுக்குங்கள். பிறகு காபி ஃபில்டர் தாளில் வடிகட்டலாம்.

காய்ந்த வைக்கோல், பாதாம், வனிலா கலந்தாற்போல மணக்கும். அதற்குக் காரணம் விதையில் இருக்கும் கூமரின் என்ற வாசனைப் பொருள். 1868-இல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். 1882-இல் ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஃபூஜேர் ரோயால் பெர்ஃப்யூமுக்குள் போனது அந்தச் செயற்கைக் கூமரின். ஊறலை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 1954 முதல் கூமரினை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது.

படி 2: மோந்து பாருங்கள்

ஊறல் தயாராகும் நான்கு வாரமும் மூக்குக்குப் பாடம். ஒவ்வொரு எண்ணெயிலும் ஒரு காகிதத் துண்டை நனைத்து, பெயர் எழுதி வைத்து, உடனே, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என்று மோந்து பாருங்கள். ஆரஞ்சு சீக்கிரம் பறந்துவிடும். கோபாயிபா முதலில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும், ஆனால் மறுநாளும் தாளில் கிடக்கும். மற்ற வாசனைகளைப் பிடித்துவைப்பது அதன் வேலை. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், பின்னால் எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று இதிலிருந்துதான் தெரியும்.

படி 3: நிறுத்துக் கலப்பது

காலிப் பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, இந்த வரிசையில் ஊற்றுங்கள்:

கோபாயிபா 0.4 கிராம்
ப்ரெயு ப்ராங்கோ 1.0 கிராம்
லினலூல் 0.2 கிராம்
பிங்க் பெப்பர் 0.2 கிராம்
ஆரஞ்சு 0.6 கிராம்

ஆக 2.4 கிராம். மூடி ஒரு நாள் வையுங்கள். அப்புறம் குமாரு ஊறல் 8 கிராம், வெறும் ஆல்கஹால் 19.6 கிராம் சேர்த்தால் 30 கிராம் கணக்கு சரி. எண்ணெய் 8 சதவீதம்தான் வருகிறது. வெயில் ஊரில், குளித்துவிட்டு வந்ததும் தாராளமாகப் பூசிக்கொள்ளும் பிரேசில் பழக்கத்துக்கு இந்த லேசான அளவுதான் பொருந்தும். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், பால்போல் கலங்கிவிடும்.

படி 4: காத்திருப்பது

புதிதாகக் கலந்ததும் ஸ்பிரிட் நெடி மட்டுமே அடிக்கும். பயப்பட வேண்டாம். மூன்று நான்கு வாரம் இருட்டில் வைத்து, கடைசி இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் குளிர்ச்சியோடு வடிகட்டி ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றுங்கள்.

முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் துணியில் மட்டும் அடித்துக்கொள்ளலாம். பிங்க் பெப்பர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பூஜை அறைபோல் கனமாக இருந்தால் அடுத்த கலவையில் ப்ரெயுவை 0.8 ஆக்கி ஆரஞ்சைக் கூட்டுங்கள்.

பிரேசிலிலேயே விற்க நினைத்தால்

2015-ஆம் ஆண்டின் 13.123 எண் சட்டம் குறுக்கே வரும். நாட்டின் சொந்தத் தாவரங்களை ஆராய்ந்து புதுப் பொருள் உருவாக்குபவர்கள், அதை விற்கும் முன் சிஸ்ஜென் என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். விற்பனையால் வரும் பயனில் பங்கு கொடுக்கும் கடமையும் சட்டத்தில் உண்டு. சிறு நிறுவனங்களுக்கு அந்தப் பங்கிலிருந்துதான் விலக்கு, பதிவிலிருந்து இல்லை. அழகுப் பொருள் என்பதால் அன்விசா என்ற சுகாதார அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். நண்பருக்குப் பரிசாக ஒரு பாட்டில் கொடுக்க இந்தப் பாடெல்லாம் கிடையாது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதிக் கொடுத்தால் போதும்.