ஒரு ரோகு மீன், மூன்று பாடங்கள்: வீட்டிலேயே விலங்கியல் கற்கும் முறை

நரம்பு மண்டலம், ஹார்மோன், நோய் எதிர்ப்பு ஆகியவற்றைப் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பள்ளியில் நானும் அவற்றைத் தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்தேன். சமைக்க வாங்கிய ஒரு மீனைப் பொறுமையாக அறுத்துப் பார்த்த பிறகுதான், மூன்றும் ஒரே உடலுக்குள் கைகோத்து வேலை செய்கின்றன என்பது எனக்குப் புரிந்தது. நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

தேவையானவை: ஒரு கிலோ அளவுள்ள ரோகு, கூரிய கத்தரிக்கோல், கத்தி, இடுக்கி, பூதக்கண்ணாடி, ஒரு தட்டு. செதில் சீவாமல், குடல் எடுக்காமல், தலையோடு முழுசாகக் கொடுக்கும்படி மீன்கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண் தெளிவாகவும் செவுள் நல்ல சிவப்பாகவும் இருக்கவேண்டும். மூளை சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே அறுத்துவிடுங்கள்.

முதல் படி: கழுவாமல் தொடுங்கள்

விரலில் ஒட்டும் வழுவழுப்பை அழுக்கு என்று எண்ணவேண்டாம். மீனின் முதல் காவல் அதுதான். பாக்டீரியாவின் உறையைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியும் எதிர்ப்பொருள்களும் அந்தக் கோழையில் இருக்கின்றன. குளத்து மீனை முரட்டுத்தனமாகக் கையாண்டால் கோழை உரிந்துபோகிறது. கிருமிக்குக் கதவு திறந்துவிடுகிறது.

இரண்டாம் படி: பக்கக்கோடு

செவுள் மூடிக்குப் பின்னிருந்து வால் வரை உடலின் நடுவில் ஒரு புள்ளிக்கோடு ஓடும். அந்த வரிசையிலிருந்து ஒரு செதிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தால் நுண்துளை தெரியும். தோலுக்கடியில் உள்ள உணர்செல்கள் இந்தத் துளைகளின் வழியே நீரின் அசைவை அறிந்து மூளைக்கு அனுப்புகின்றன. கலங்கல் நீரில்கூட ஒரு மீன் இன்னொன்றின்மேல் மோதாமல் நீந்த இது உதவுகிறது.

மூன்றாம் படி: செவுளும் இதயமும்

செவுள் மூடியை வெட்டி எடுங்கள். பக்கத்துக்கு நான்கு வளைவுகள் இருக்கும். ஒன்றை அறுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் இழைகள் தூரிகைபோல விரியும். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லி ஆக்சிஜன் உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி அளவுதான் கரைந்திருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் விடாமல் எடுக்க, இழைகளுக்குள் இரத்தம் ஒரு திசையிலும் வெளியே நீர் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. இதனால் எந்த இடத்திலும் இரத்தத்தைவிட நீரில் ஆக்சிஜன் கூடுதலாக இருக்கிறது.

செவுள்களுக்குக் கீழே, தொண்டைப் பக்கம், சிறு பைக்குள் இதயம் இருக்கும். இரத்தத்தை வாங்கும் அறையான ஆரிக்கிள் ஒன்று, அதை வெளியே தள்ளும் அறையான வெண்ட்ரிக்கிள் ஒன்று, அவ்வளவுதான். இரத்தம் இங்கிருந்து செவுளுக்குப் போய், அப்படியே உடலைச் சுற்றித் திரும்புகிறது.

நான்காம் படி: வயிறு

மலத்துளையிலிருந்து முன்னோக்கி, ஆழமில்லாமல் வெட்டுங்கள். ரோகுவுக்குத் தனி இரைப்பை கிடையாது. நீண்ட குடல் சுருண்டு கிடக்கும். அதனிடையே பச்சை நிறப் பித்தப்பை தெரியும். அதை உடைக்காமல் எடுத்துக் குப்பையில் போடுங்கள். மருந்தென்று நம்பி ரோகு பித்தத்தை விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது.

ஐந்தாம் படி: முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்பு

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். குடலை அகற்றினால் இரண்டு அறைகள் கொண்ட வெள்ளிநிறக் காற்றுப்பை தெரியும். அதை நீக்கினால் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒன்று படிந்திருக்கும். உறைந்த இரத்தம் என்று நினைத்து நாம் சுரண்டிக் கழுவுகிறோமே, அதுதான் சிறுநீரகம். அதன் முன்பகுதி, தலையை ஒட்டியிருப்பது, தலைச் சிறுநீரகம் எனப்படும்.

நமக்கு எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாகின்றன. மீனின் எலும்பில் அந்த வேலை நடப்பதில்லை. மீனுக்கு நிணநீர்க் கணுக்களும் இல்லை. வெள்ளையணுக்களை உருவாக்கி வளர்க்கும் பெரும்பொறுப்பு இந்தத் தலைச் சிறுநீரகத்துக்கு. நெருக்கடி நேர ஹார்மோன்களைச் சுரக்கும் நம் அட்ரினல் சுரப்பியின் வேலையும் இதற்குள்தான் நடக்கிறது. வலையில் சிக்கிய மீனை நினைத்துப் பாருங்கள். மூளையிலிருந்து நரம்பு வழியே நொடியில் கட்டளை வந்து அட்ரினலின் வெளியாகிறது. மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் இரத்தத்தில் மிதந்து வந்து, சில நிமிடங்களில் கார்டிசால் என்ற இன்னொரு நெருக்கடி ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. கார்டிசால் நீண்டநேரம் உயர்ந்தே இருந்தால், பக்கத்திலேயே இருக்கும் எதிர்ப்பு அணுக்கள் தளர்ந்துபோகின்றன. நெருக்கி அடைத்துக் கொண்டுவந்த மீன்களில் சில நாள் கழித்துப் பஞ்சுபோன்ற பூஞ்சை படர்வது இதனால்தான். விரல்நுனி அளவு திசுவில் மூன்று அத்தியாயங்கள்!

ஆறாம் படி: மூளையும் ஒரு வெள்ளைப் பொட்டும்

தலையைத் துணியால் இறுகப் பிடித்து, மண்டையோட்டின் மேற்பகுதியை மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள். கொழுப்பைத் துடைத்தால் மூளை தெரியும். நடுவில் இரண்டு உருண்டைகள் பார்வை மடல்கள். அவற்றின் பின்னே சிறுமூளை. மூளையைப் பின்பக்கமிருந்து மெதுவாகத் தூக்குங்கள். அடியில், எலும்புக் குழியில், சவ்வுக்குக் கீழே கடுகளவில் வெள்ளையாக இருப்பதே பிட்யூட்டரி.

ரோகு, கட்லா, மிர்கால் ஆகியவை மழைக்காலத்து ஆற்றுவெள்ளத்தில் முட்டையிடுபவை; தேங்கிய குளத்தில் தாமாக இடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், மீன்வள விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் இந்தச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி முட்டையிடவைத்தார்கள். அதுவரை குஞ்சுகளுக்கு ஆற்றையே நம்பியிருந்த வளர்ப்பாளர்களுக்கு அது பெரும் விடிவு. அதனால்தான் ஆண்டுதோறும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

முதல்முறை அறுக்கும்போது சுரப்பி நசுங்கிப்போகலாம். அடுத்தமுறை மீன்கடையில் தலையை மட்டும் கேட்டு வாங்கி, இந்தப் படியை மறுபடி செய்யுங்கள்.