பீர் புளிக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ்

வீட்டில் பீர் காய்ச்சக் கிளம்புகிறவர்கள் பளபளவென்று பெரிய ஸ்டீல் பாத்திரத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் காசு புளிக்கும் இடத்தின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தத்தான் போக வேண்டும். இங்கே மெல்போர்னில் கோடையில் கராஜ் 35 டிகிரியைத் தாண்டிவிடும், ஏல் வகை பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கோ 18 முதல் 20 வரை இருந்தால்தான் நல்லது, சூடு ஏற ஏற வாழைப்பழ வாசனை, அப்புறம் கரைப்பான் மாதிரி ஒரு நெடி.

அதற்காக ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கினேன். அதன் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். பின்பக்கம் கீழே கம்பிரசருக்காக ஒரு மேடு இருக்கும், பீர் புளிக்கும் 30 லிட்டர் வாளி அதற்கு முன்னால் நின்று கதவும் மூட வேண்டும், அளவு டேப்போடு போங்கள். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ரெடிமேடாகவே கிடைக்கிறது. ஃபிரிட்ஜுக்கு ஒரு பிளக், குளிர்காலத்தில் வாளியைச் சுற்றிக் கட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பெல்ட்டுக்கு ஒன்று.

தொல்லை பிறகு வந்தது. கம்பிரசர் ஓடுவதும் நிற்பதுமாக ஒரே சத்தம். காரணம், கருவியின் வெப்பம் அளக்கும் சென்சார் காற்றில் தொங்கியது. காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், 20 லிட்டர் பீர் குளிராது, போதாததற்கு ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும். சென்சாரை வாளியின் வெளிப்பக்கத்தில், பீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஃபோம் துண்டு வைத்து டேப் சுற்றினேன். கருவியில், வைத்த அளவிலிருந்து 1 டிகிரி விலகினால்தான் இயங்கும்படி இடைவெளியும், கம்பிரசர் மறுபடி ஓட 10 நிமிடத் தாமதமும் வைத்ததும் சரியாகிவிட்டது.

ஃபிரிட்ஜ் காலியாக இருக்கும்போது கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.